கஸ்தூரியின் இடது கால்

சென்ற மாதம் புனேயில், கட்கியில் நான் வேலை பார்த்த எடைதூக்கும் கூடத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று நான்கு வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் அந்த வாசலுக்குள் போனேன். இப்போதைய பயிற்சியாளர்கள் கைபேசியை ஒரு ஸ்டாண்டில் நிறுத்திவிடுகிறார்கள். ஆள் எடையைத் தூக்கி முடித்ததும் ராடு போன பாதை திரையில் சிவப்புக் கோடாக வந்துவிடுகிறது. எந்த இடத்தில் வேகம் குறைந்தது என்பதையும் அதுவே காட்டுகிறது. இதெல்லாம் இல்லாத காலத்தில் தூக்குகிறவரின் பலவீனமான இடத்தை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார்கள். நானும் ஒரு மணி நேரம் இந்தியில் பேசினேன். கை தட்டினார்கள்.

கடைசியில் ஒரு பெண் பயிற்சியாளர் எழுந்து, "சார், நீங்க எப்பவாவது தப்பாக் கணிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"சின்னச் சின்னதா இருக்கும்மா, எல்லாருக்கும் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள்.

அன்று அவர்களிடம் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நான் பிறந்தது கட்கியில். பள்ளிக்கூடத்தில் மராட்டி, தெருவில் இந்தி, வீட்டுக்குள் தமிழ். பதினேழு வயதில் ராடைத் தொட்டேன். மாநிலப் போட்டியில் இரண்டு முறை நான்காவதாக வந்தேன், அதற்கு மேல் போகவில்லை. பிறகு பயிற்சியாளர் படிப்பு. படித்து முடித்ததும் ஒரு தொழிலாளர் சங்கம் நடத்திய கூடத்தில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். அங்கே தலைமைப் பயிற்சியாளர் கேத்கர் சார்.

ஒல்லியான மனிதர். மூக்கின் நுனியில் கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளை அரைக்கைச் சட்டை. பெயிண்ட் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில்தான் உட்காருவார். அவர் எடை தூக்கி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பையன்களையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டதே கிடையாது. ஒருவர் தூக்குவதை மூன்று முறை ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார். நாலாவது முறை டின்னைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய் உட்காருவார்.

அவருடைய முறை இதுதான். முதலில் பிளேட் எதுவும் போடாத வெறும் ராடு. அதை வைத்து ஐந்து தடவை உட்கார்ந்து எழச் சொல்வார். முன்னால் இருந்து பார்ப்பது முழங்காலை. பக்கவாட்டில் பார்ப்பது ராடை. அதற்காகவே சுவரில் மேலிருந்து கீழாக நேர்கோடுகள் வரைந்து வைத்திருந்தார். ராடின் முனையில் சாக்பீஸ் பொட்டு வைத்து, அந்தப் பொட்டு எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்போம். பின்னால் இருந்து பார்ப்பது இடுப்புப் பட்டையை. எழும்போது பட்டை ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கத்துக் கால் தன் பங்கைச் சுமக்கவில்லை என்று அர்த்தம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடையை ஏற்றுவார். எங்கே ராடு தயங்குகிறதோ அங்கே கோளாறு இருக்காது, அதற்கு ஒரு சாண் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும் என்பார். ஒரு நாளில் ஒன்றை மட்டும்தான் திருத்துவார்.

இத்தனைக்கும் முன்னால், ஆள் செருப்பைக் கழற்றும்போதே, மூன்று கேள்விகள் கேட்பார். ராத்திரி தூங்கினீர்களா? எங்கேயாவது வலிக்கிறதா? காலையிலிருந்து இந்தக் கையும் காலும் என்ன வேலை செய்தன? பதில் நீளமாக இருந்தாலும் முழுதாகக் கேட்பார். ஒரு பால்காரர் எருமைகளைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னதை அவர் அசையாமல் உட்கார்ந்து கேட்டது நினைவிருக்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பேரைப் பார்க்க வேண்டிய இடத்தில் எருமைக் கதை எதற்கு என்று நினைத்தேன்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு தபால்காரர். பெஞ்சில் மல்லாந்து படுத்துத் தூக்குவதில் அவருக்கு ராடு பாதி வழியில் நின்றுவிடும். கையில் பலம் இல்லை என்று ஒரு வருடமாகக் கைக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ராடைப் பார்க்காமல் அவருடைய பாதங்களைப் பார்த்தேன். ஆள் குள்ளம். குதிகால் தரையில் படவில்லை, தள்ளும்போது பாதம் வழுக்கியது. இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து காலடியில் போட்டேன். அன்றைக்கே ஐந்து கிலோ கூடுதலாகத் தூக்கினார். கேத்கர் சார் டின்னிலிருந்து எழுந்து வந்து பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல கண்ணு" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டு பதினைந்து வருடம் ஓட்டினேன். அவர் ஓய்வு பெற்று நான் தலைமைப் பயிற்சியாளர் ஆனதும் அந்த மூன்று கேள்விகளை விட்டுவிட்டேன். கண்ணே எல்லாம் சொல்லிவிடுகிறதே, கேட்பானேன் என்று இருந்தேன்.

கஸ்தூரி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஏரவாடாவில் பிறந்து வளர்ந்தவள், விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். புருஷன் ஏழுமலை வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர். ஒரு பெண் குழந்தை. புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக முதல் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏரவாடாவில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து மாலை ஐந்தரைக்கு எங்கள் கூடத்துக்கு வருவாள். திங்கள், புதன், வெள்ளி. தமிழ் பேசுகிற பயிற்சியாளர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன் என்றாள்.

வந்த இரண்டாம் வருடமே மாநில அளவில் நிற்கக்கூடியவள் என்று தெரிந்துவிட்டது. தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் அவள் எடைப் பிரிவில் புனேயில் அவளுக்கு ஈடு இல்லை. மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தம் போய் நிரந்தரம். அவளுடைய கனவு அதுதான். மாவட்ட எடைதூக்கும் சங்கத்தின் தேர்வுச் சுற்றில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டிக்குப் பெயர் போகும்.

தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் இடுப்புப் பட்டை வலது பக்கம் போக ஆரம்பித்தது. கீழே உட்காரும்வரை நேராக இருக்கும். எழும்போது, தொடை தரைக்குச் சமமாக வருவதற்குச் சற்று முன்னால், இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகரும். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், நான் பார்த்தேன். இடது கால் பலவீனம் என்று முடிவு கட்டினேன். இடது காலுக்குத் தனியாக வேலை கொடுத்தேன். எடையைப் பிடித்துக்கொண்டு இடது காலால் பெட்டி மேல் ஏறி இறங்குவது, இடது காலை முன்னால் வைத்து உட்கார்ந்து எழுவது, ராடு தயங்கும் இடத்தில் மூன்று நொடி நிறுத்துவது. பாடப் புத்தகத்தில் பார்த்தால் ஒன்றுகூடத் தவறில்லை.

ஒரு நீல நோட்டில் ஒவ்வொரு நாளும் எழுதி வந்தேன். திங்கள்: வலது சாய்வு. புதன்: வலது சாய்வு, கூடுதல். வெள்ளி: நேர். அடுத்த வாரமும் அப்படியே, அதற்கு அடுத்த வாரமும். வெள்ளிக்கிழமைகளில் அவள் மனம் ஒருமையாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலில் பட்டி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "சார், கம்பெனியில என்னை வேற மெஷின்ல போட்டுட்டாங்க. அதுல வந்து..."

"கம்பெனி கதையெல்லாம் கேட்டுக்கு வெளியில விட்டுட்டு வாம்மா. ராடைப் பிடி" என்றேன்.

"டீக்கே, சரி சார்" என்று எழுந்து போனாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

பெண்பிள்ளையிடம் உடம்பைப் பற்றி என்னவென்று கேட்பது, அந்தக் கூச்சத்தில்தான் கேட்கவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவளாகவே சொல்ல வந்தாள், நான் வாயை அடைத்தேன். என் கண் பார்த்துச் சொன்ன பிறகு அவள் சொல்ல என்ன இருக்கிறது என்ற திமிர்தான்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை மாலை நடந்தது. முதல் இரண்டு முயற்சிகளும் சுலபமாகப் போயின. மூன்றாவதுக்கு நூற்றுமுப்பது கிலோ போடச் சொன்னேன். அவள் இடது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், முட்டிக்குக் கீழ சுர்ருன்னு இழுக்குது. ரெண்டாவதோட நிறுத்திக்கலாமா? அதுவே போதும்ல?"

போதும்தான். இரண்டாவதிலேயே அவள் முதலிடத்தில் இருந்தாள். ஆனால் மாநிலச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்திருந்தார்கள். என் கையில் வளர்ந்தவள் எவ்வளவு தூக்குகிறாள் என்று அவர்கள் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"அது பயம். வலின்னு தோணும். போ" என்றேன்.

போனாள். உட்கார்ந்தாள். எழும்போது அதே இடத்தில், இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகரும் அந்த இடத்தில், கெட்டித் துணியைக் கிழித்தது போல ஒரு சத்தம் கேட்டது. இரு பக்கமும் நின்றவர்கள் ராடைப் பிடித்துவிட்டார்கள். அவள் சரிந்து உட்கார்ந்து முழங்காலை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள். முழங்கால் சில்லு இருக்க வேண்டிய இடத்தை விட மேலே ஏறியிருந்தது. அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். நான் ஐஸ் கொண்டுவரச் சொல்லிவிட்டு அங்கே இங்கே நடந்துகொண்டிருந்தேன்.

சில்லுக்குக் கீழே எலும்போடு சேரும் தசைநாண் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை நடந்தது. ரொம்ப நாளாகவே அது நைந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

ஆறு வாரம் கழித்துச் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். பயிற்சியில் நடந்த தவறு என்றால் அடுத்த வருடத் தேர்வுக்கு அவள் பெயரை அப்படியே வைத்திருப்பார்கள், சிகிச்சைக்கும் சங்கம் பொறுப்பேற்கும். வலியை மறைத்துத் தூக்கினாள் என்றால் ஒழுங்கு மீறல், பெயரை எடுத்துவிடுவார்கள். செயலாளர் அறையில் மூன்று பேர் கமிட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தூரி காலில் கட்டோடு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் மராட்டியில்.

"சாரிடம் சொன்னேன், வலிக்கிறது என்று சொன்னேன்" என்றாள்.

செயலாளர் என் பக்கம் திரும்பினார். "என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்றேன். குரல் பிசிறு தட்டாமல் வந்தது. அதுதான் இன்று நினைத்தாலும் கூசுகிறது.

"பயிற்சிக் குறிப்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா?"

"தனியாக எதுவும் எழுதுவதில்லை" என்றேன். நீல நோட்டு என் நாற்காலிக்குக் கீழே பையில் இருந்தது.

கஸ்தூரி தமிழில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "சார்..." என்றாள். நான் மேஜையைப் பார்த்தேன்.

விஷயம் கேத்கர் சார் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். நோட்டைக் கொண்டுவாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் எழுதும் பழக்கம் உள்ளவன் என்று அவருக்குத் தெரியும், கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்கு வந்து, வெள்ளிக்கிழமைகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இவங்களுக்கு வார விடுமுறை என்னைக்கு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் பார்த்தவளுக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று எனக்குத் தெரியவில்லை.

"போய்க் கேளுங்க" என்றார்.

அவளோடு அதே பஸ்ஸில் போகும் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். வியாழக்கிழமை விடுமுறை. தேர்வுக்கு மூன்று மாதம் முன்னால் அவளைத் தகடு வெட்டும் மிதி அச்சு இயந்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். நின்ற இடத்தில் நின்று இடது காலால் மிதிக்க வேண்டும், ஒரு மிதிக்கு ஒரு தகடு, ஷிஃப்ட் முழுக்க. வியாழன் ஓய்வு கிடைத்த கால் வெள்ளி மாலை நேராக நின்றது. மற்ற நாட்களில் களைத்துப் போன காலைக் காப்பாற்ற உடம்பு தானாக வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இடது கால் பலவீனமான கால் இல்லை, களைத்த கால். பலவீனமான கால் எல்லா நாளும் ஒரே மாதிரி சாயும். களைத்த கால் ஓய்வு கிடைத்த மறுநாள் தேறிவிடும். இரண்டும் ராடில் ஒரே மாதிரிதான் தெரியும். களைத்த காலுக்கு நான் மேலும் மேலும் வேலை கொடுத்திருக்கிறேன். வித்தியாசம் என் கையெழுத்திலேயே வாரா வாரம் இருந்தது.

கேத்கர் சாரிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியாமல் செய்தது வேறு, தெரிந்தே பொய் சொன்னது வேறு. கமிட்டி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள்" என்றார்.

நான் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. நாலாவது நாள் கையெழுத்தாகிவிட்டது. கேத்கர் சார் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அவர் இறந்தபோது மயானத்தில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். நான் மேலும் ஆறு வருடம் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, சால்வை போர்த்தி வழியனுப்பப்பட்டேன்.

அந்தப் பெண் பயிற்சியாளர் கேள்வி கேட்ட மறுநாள் சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பத்து வருடத்துக்கு முந்தைய கோப்புகள் இப்போது இல்லை, திருத்துவதற்கு எதுவும் இல்லை என்று அலுவலகத்திலிருந்து போனில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரவாடாவுக்குப் போனேன்.

கஸ்தூரி இப்போது ஒரு பால்வாடியில் உதவியாளராக இருக்கிறாள். இடது கால் பாதிதான் மடங்கும் என்பதால் வீட்டில் உயரமான ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் ஆரம்பித்து, நோட்டு, வெள்ளிக்கிழமை, கமிட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"இதை என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. சொன்னவளே நான்தானே" என்றாள்.

நான் எழுந்தேன்.

"இருங்க. அவர் வர்ற நேரம்தான். அவர்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி கீரைக்கே போனாள். ஏழுமலை கையெல்லாம் சுண்ணாம்போடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க. எவ்ளோ வருசமாச்சி. அன்னைக்கே வந்து உங்களப் பாத்து மன்னிப்புக் கேட்டிருக்கணும் சார். இவ வலிய மறைச்சி ஏறுனதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க? உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

கஸ்தூரி என்னைப் பார்க்கவில்லை. கீரைத் தண்டுகளைக் கூட்டி ஒரு தாளில் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவரிடம் சொன்னேன். அவளிடம் சொன்னதை விட இது கடினமாக இருந்தது. இரண்டு முறை நடுவில் நிறுத்தினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னியா அவருகிட்ட?" என்றார்.

"பத்து வருசமா அதைத்தான சொல்றேன்" என்றாள். "நீதான் சண்டை வர்றப்பல்லாம், மறைக்கிற புத்தி உனக்குன்னுவ."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் எழப் போனேன். கஸ்தூரி பீரோவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து சங்கத்தின் பழைய கடிதத்தை எடுத்து வந்தாள். வலியை மறைத்ததற்காக அவள் பெயரை நீக்குவதாகத் தட்டச்சு செய்த மராட்டிக் கடிதம். அதை என் முன்னால் வைத்து ஒரு பேனாவையும் கொடுத்தாள்.

"வாயால சொன்னது காத்தோட போயிடும். இதுக்குக் கீழ எழுதிக் குடுங்க. மராட்டியிலயே எழுதுங்க, எம்பொண்ணுக்குத் தமிழ் படிக்க வராது."

இதில் சொல்லப்பட்டிருப்பது தவறான புரிதலால் ஏற்பட்டது, கஸ்தூரி வலியைப் பற்றிப் பயிற்சியாளரான என்னிடம் முன்பே தெரிவித்திருந்தார் என்று எழுதிக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"தவறான புரிதல் இல்ல சார். பொய்னு எழுதுங்க."

அடித்துவிட்டு, நான் சொன்னது பொய் என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தேதி இட்டேன். அவள் அதை வாங்கி ஏழுமலையிடம் நீட்டினாள்.

"சத்தமாப் படி" என்றாள்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.